ஆறு மணிப் பந்தியா, எட்டு மணிப் பந்தியா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க.

பள்ளி விடுமுறை வருது. நம்ம கோயில் குடும்பங்களில் நாலைந்து பேர் சொகுசுக் கப்பலுக்குப் பதிவு பண்ணியிருக்கீங்க. அதில் மூணு பேர் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டுட்டீங்க. "அண்ணே, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முதல் நேரமா, ரெண்டாவது நேரமா? எதைப் போடுறது?" போன வருஷம் நாங்க குடும்பத்தோட போய் வந்தோம், அதனால் கேட்கிறீங்க. கோயில்ல பந்தி பார்க்கிற ஆளுக்கு இது தெரிஞ்சிருக்கும்னும் நினைச்சிருப்பீங்க. தனித்தனியா பதில் அனுப்புறதை விட இங்கேயே எழுதிடறேன்.

முதலில், விவரம் தெரியாதவங்களுக்கு. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் ராயல் கரீபியன் மாதிரியான பெரிய கப்பல்களில் பல ஆயிரம் பேர் ஏறுவாங்க. பெரிய சாப்பாட்டு மண்டபம் இருந்தாலும் எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்க முடியாது. அதனால் ராத்திரிச் சாப்பாட்டை ரெண்டாப் பிரிச்சிருக்காங்க. முதல் நேரம் ஏறக்குறைய 6 மணி. அடுத்தது ஏறக்குறைய 8 மணி. எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பயணம் முடியும் வரைக்கும் அதே நேரம், அதே மேசை, அதே பரிமாறுகிற ஆள். முதலில் சாப்பிட்டவங்களுக்குக் கலைநிகழ்ச்சி பிறகு, பிறகு சாப்பிடுகிறவங்களுக்கு நிகழ்ச்சி முதலில். நேரம் குறிக்காமல் நினைச்சப்போ போய்ச் சாப்பிடுற முறையும் உண்டு, ஆனா கூட்ட நேரத்தில் வரிசையில் நிக்கணும். மேல் தளத்தில் பஃபே தனியா இருக்கும்.

நம்ம பாஷையில் சொன்னா, முதல் பந்தி, இரண்டாம் பந்தி. அவ்வளவுதான்.

எங்க வீட்டில் போனது பன்னிரண்டு பேர். அம்மா, நான், மனைவி, ரெண்டு பிள்ளைங்க. அக்கா, மச்சான், காலேஜ் படிக்கிற அவங்க பிள்ளைங்க ரெண்டு பேர். தம்பி, தம்பி மனைவி, அவங்க மூணு வயசுக் குழந்தை. குடும்ப வாட்சாப் குழுவில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ரெண்டு நாள் சண்டை.

மச்சான் சொன்னார், "ஆறு மணிக்கு யாருய்யா ராத்திரிச் சோறு தின்னுவா? அது டீ குடிக்கிற நேரம்." அக்கா பிள்ளைங்களுக்கும் எட்டு மணிதான் வேணும். புக்கெட்டில் இறங்கினா சாயங்காலம் வரைக்கும் சுத்தணும், ஓடி வந்து குளிச்சு ஆறு மணிக்கு மேசையில் உட்கார்ந்தா என்ன ஜாலி? நியாயமான பேச்சு. தம்பி மனைவிக்கு ஆறு மணி வேணும், எட்டரைக்கெல்லாம் குழந்தை தூங்கிடும். அதுவும் நியாயம். என் மனைவி ஒரு நடைமுறைக் கேள்வி கேட்டாங்க: "ஆறு மணிக்குச் சாப்பிட்டுட்டு ராத்திரி பத்து மணிக்குப் பசிச்சா என்ன பண்றது?" அதுவும் சரிதான்.

அம்மாவிடம் கேட்டோம். அம்மா சொன்னது: "எனக்கு எதுவா இருந்தாலும் சரி. பிள்ளைங்க சௌகரியம் பாருங்க."

இந்த "எதுவா இருந்தாலும் சரி" பத்திதான் நான் எழுத வந்தேன்.

எங்க அம்மா பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவங்க. இப்போ அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயான்னு பேர், ஆனா அம்மா வாயில் இன்னும் பழைய பேர்தான். பக்கத்தில் இருக்கிற தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ல் ஒரு பிரெஞ்சுக்கார துரை இந்த நாட்டிலேயே முதன்முதலா வியாபாரத்துக்குச் செம்பனை நட்டார். ஆனா சுத்துவட்டாரத்தில் ரொம்ப காலம் ரப்பர்தான். அம்மா முதலில் பால்மரம் வெட்டினாங்க. தோட்டம் செம்பனைக்கு மாறினதும் உதிரிப் பழம் பொறுக்கப் போனாங்க.

தோட்டத்து நேரம் எப்படின்னு பெரியவங்களுக்குத் தெரியும், இளையவங்களுக்காக எழுதுறேன். விடியக்காலை அஞ்சரைக்கெல்லாம் பெரட்டு. அதுக்கு முன்னாடி பெண்கள் எழுந்து சமைச்சு, பிள்ளைங்களுக்கு எடுத்து வச்சுட்டு ஓடணும். மதியம் பால் நிறுத்துட்டு வீடு திரும்பினா துணி, தண்ணி, விறகு. விளக்கு வச்ச பிறகு ராத்திரிச் சோறு. முதலில் அப்பா, கூடவே வீட்டுக்கு வந்த ஆம்பிளைங்க. அப்புறம் பிள்ளைங்க. பாட்டி. கடைசியா, சட்டியில் என்ன மிச்சமோ அது அம்மாவுக்கு. அந்த நேரத்தில் பசி இருந்ததா, போயிடுச்சான்னு யாரும் கேட்டதில்லை. அப்பா கெட்ட மனுஷன் இல்லை. அன்னைக்கு எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

கோயிலிலும் அதேதான். திருவிழான்னா அம்மா விடியற்காலையிலேயே அடுப்படியில். வெங்காயம் உரிக்கிறது, காய் நறுக்குறது, அண்டா கழுவுறது. முதல் பந்தியில் கிராணி, கண்டக்டர், தண்டல், வெளியூர் விருந்தாளிங்க. பெண்கள் சாப்பிடும்போது பாயசம் தீர்ந்திருக்கும், குழம்பில் காய் இருக்காது. நம்ம ஊரில் ஒரு பழமொழி இருக்கே, பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு. அதை யார் யாருக்குச் சொன்னாங்களோ தெரியலை. எங்க அம்மாவுக்கு மட்டும் யாரும் சொல்லலை.

ஆக, எழுபத்தோரு வயசு வரைக்கும் "உனக்கு எத்தனை மணிக்குச் சாப்பிடணும்?"னு யாரும் கேட்காத ஒரு ஆளிடம் நாங்க வாட்சாப்பில் ஓட்டெடுப்பு நடத்தினோம். எதுவா இருந்தாலும் சரின்னுதான் பதில் வரும். அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கிட்டா எட்டு மணிக்குத்தான் பெரும்பான்மை.

கோயிலில் பந்தி பார்த்து எனக்குப் பழக்கமான ஒரு வழி இருக்கு. யாருக்கு எப்போ சாப்பிடப் பிடிக்கும்னு கேட்கமாட்டேன். யாரால காத்திருக்க முடியாதுன்னு பார்ப்பேன்.

இதுக்குக் காரணம் இருக்கு. சில வருஷங்களுக்கு முன்னாடி ஒரு திருவிழா. அபிஷேகம் முடியவே நேரமாச்சு, வெயில் கொளுத்துது, ஜனங்க எதிர்பார்த்ததைவிட ரெண்டு மடங்கு. ஒரு பந்திக்கு நூறு பேர், ஒவ்வொரு பந்திக்கும் அரை மணி நேரம். மூணாவது பந்திக்கு நின்ன ஒரு பாட்டி, கை நடுங்கி, வேர்த்து, அப்படியே தூணில் சாய்ஞ்சுட்டாங்க. கூட்டத்தில் இருந்த ஒரு நர்ஸ் தங்கச்சி ஓடி வந்து சக்கரைத் தண்ணி கொடுத்த பிறகு கண் திறந்தாங்க. காலையில் இனிப்பு நீர் ஊசி போட்டுட்டு வந்திருக்காங்க, பூஜை முடியும் வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்கலை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாட்டி"ன்னு கேட்டதுக்கு அவங்க சொன்னது: "பெரியவங்க எல்லாம் உட்கார்ந்திருக்காங்க, நான் எப்படிப்பா முந்துறது?" அவங்களுக்கு வயசு எண்பதுக்குப் பக்கம். அவங்களைவிடப் பெரியவங்க அந்தப் பந்தியில் யாரும் இல்லை.

அதுக்குப் பிறகு நம்ம கோயிலில் முதல் பந்தி முதியவங்களுக்கு, மருந்து மாத்திரை எடுக்கிறவங்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு, கைக்குழந்தைக்காரங்களுக்கு. விரதம் இருந்து காவடி எடுத்தவங்களும் அதில்தான். தலைவர், டத்தோ, விருந்தாளி எல்லாம் ரெண்டாவது. ஆரம்பத்தில் ரெண்டு பேருக்கு முகம் சுருங்கிச்சு, இப்போ யாருக்கும் வருத்தம் இல்லை.

இது நம்ம சமுதாயத்துக்குச் சின்ன விஷயம் இல்லை. 2019-ல் நாட்டில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவங்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்குன்னு வந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தா 31.4 விழுக்காடு. அதாவது ஒரு பந்தியில் பெரியவங்க நூறு பேர் உட்கார்ந்தா ஏறக்குறைய முப்பது பேர். எங்க அம்மா அந்த முப்பதில் ஒருத்தர். கிளினிக்கில் கொடுத்த ஊசி காலையிலும் ராத்திரியிலும், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி. ஊசி போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனா சக்கரை இறங்கிடும். தலை சுத்தும், கை நடுங்கும், சில பேருக்கு நினைவே தப்பும்.

இப்போ கப்பல் கணக்கைப் பாருங்க. எட்டு மணிப் பந்தின்னா எட்டு மணிக்குச் சோறு வராது. எட்டு மணிக்கு உட்காருவோம். மெனு கார்டு தருவாங்க, ரொட்டி வரும், அப்புறம் சூப்பு, அப்புறம்தான் முக்கியமான சாப்பாடு. எட்டே முக்காலும் ஆகலாம். வீட்டில் ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பழகின உடம்பு அது. ஆறு மணிப் பந்தியில் அதே சாப்பாடு ஆறே முக்காலுக்குள் தட்டில் இருக்கும். வீட்டு நேரத்துக்கு அதுதான் கிட்ட.

இன்னொரு விஷயமும் சொல்லணும். பெரியவங்க சில பேர் "விளக்கு வைக்கிற நேரத்தில் சாப்பிடக் கூடாது"ம்பாங்க. நம்ம ஊரில் சூரியன் மறையுறது ஏழேகால் வாக்கில். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வச்சாங்க. அதனால் அம்மா இளவயசில் பார்த்த ஆறே முக்கால் பொழுதுதான் இன்னைக்கு ஏழேகால். ஆறு மணிக்கு உட்கார்ந்தா ஏழு, ஏழேகாலுக்குள் சாப்பாடு முடியும். அறைக்குப் போய்க் கைகால் கழுவி, கொண்டு போன சின்னப் படத்துக்கு முன்னாடி கும்பிட நேரம் சரியா இருக்கும். கப்பலில் தீ பற்ற வைக்க அனுமதி இல்லை, சூடம் ஊதுபத்தி எல்லாம் பையில் போடாதீங்க. மனசால கும்பிட்டா போதும்.

இதையெல்லாம் நான் குழுவில் எழுதினேன். எழுதிட்டு, "அம்மாவால காத்திருக்க முடியாது, குழந்தையாலயும் முடியாது, மத்த பத்துப் பேராலயும் முடியும். அதனால் ஆறு மணி"ன்னு முடிச்சேன். மச்சான் கொஞ்ச நேரம் பதில் போடலை. அப்புறம் ஒரு வரி: "அத்தைக்குன்னா சரி." அக்கா பிள்ளைங்களுக்கும் ஒரு வழி சொன்னோம். புக்கெட்டில் இறங்குற அன்னைக்கு அவங்க மட்டும் மெதுவா வந்து மேல் தளத்துப் பஃபேயில் சாப்பிடலாம். முதல் பந்தியைத் தேர்ந்தெடுத்த குடும்பத்தில் எல்லாரும் தினமும் கட்டாயம் உட்காரணும்னு சட்டம் இல்லை. ராத்திரி பசிச்சாலும் ஏதாவது கிடைக்கும், கவலை வேண்டாம்.

பயணத்தில் என்ன நடந்ததுன்னு சொல்றேன். முதல் நாள் ராத்திரி மேசையில் அம்மாவுக்குக் கையை எங்கே வைக்கிறதுன்னே தெரியலை. பரிமாற வந்த பிலிப்பினோ தம்பி முதல் தட்டை அம்மா முன்னாடி வச்சார். அம்மா அதை அப்படியே பேரனுக்குத் தள்ளினாங்க. அடுத்த தட்டை மச்சானுக்கு. "அத்தை, உங்களுக்குத்தான் அது, சாப்பிடுங்க"ன்னு மச்சானே சொல்ல வேண்டியதாப் போச்சு. சாப்பிட்டு முடிச்சதும் தட்டுகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டார்.

ரெண்டாவது நாள் அதே மேசை, அதே ஆள். அம்மா சைவம், காரம் கொஞ்சம் வேணும்னு அவருக்கு ஞாபகம் இருந்தது. சொல்லாமலே பருப்புக் கறியும் சப்பாத்தியும் வந்தது. அம்மா தட்டைத் தள்ளலை.

மூணாவது நாள், ஒரு வாய் சாப்பிட்டுட்டு அம்மா சொன்னாங்க, "கறியில் உப்பு கம்மி."

நாங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். எங்க அம்மா சாப்பாட்டைக் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. சமைக்கிறவங்களும் கடைசியில் சாப்பிடுறவங்களும் குறை சொல்லமாட்டாங்க, இருக்கிறதைத் தின்னுட்டு எழுந்து போயிடுவாங்க. உப்பு கம்மின்னு சொல்றதுக்கு, முதலில் சூடா, முழுசா ஒரு தட்டு தன் முன்னாடி இருக்கணும். அந்த ஒரு வார்த்தைக்கே டிக்கெட் காசு தகும்னு அக்கா சொன்னாங்க.

அந்தக் கப்பல் பினாங்கில் ஸ்வெட்டன்ஹம் துறையில் நின்னப்போ அம்மா இன்னொண்ணு சொன்னாங்க. எங்க பாட்டி சின்னப் பிள்ளையா 'ரஜுலா' கப்பலில் வந்தவங்க. 1926-ல் கட்டின கப்பல் அது, சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹம், சிங்கப்பூர்னு எழுபதுகள் வரைக்கும் நம்ம ஆளுங்களை ஏத்தி இறக்குன கப்பல். போர்ட் ஸ்வெட்டன்ஹம்தான் 1972-லிருந்து போர்ட் கிள்ளான். பாட்டி வந்தது டெக்கில், பாய் விரிச்சு. சோறு போடும்போது தட்டை நீட்டி வரிசையில் நிக்கணும், கடல் கொந்தளிச்சா அதுவும் இறங்காதுன்னு பாட்டி சொல்வாங்களாம். "எங்க அம்மா வந்த கடல்தானே இது?"ன்னு அம்மா கேட்டாங்க. ஆமாம்மான்னேன். இதே மலாக்கா நீரிணைதான், நம்ம சிலாங்கூர் கரையைத் தாண்டித்தான் கப்பல் வருது. வேற ஒண்ணும் அவங்க சொல்லலை. எனக்குள்ளதான் ஒரு கணக்கு ஓடிச்சு. வரிசையில் தட்டு நீட்டின பாட்டி. கடைசியில் சாப்பிட்ட அம்மா. எந்த நேரம் வேணும்னு சண்டை போடுற நாங்க. மூணு தலைமுறை ஆகியிருக்கு இந்தக் கேள்வி எங்க வீட்டுக்கு வர.

சரி, உங்க கேள்விக்குப் பதில், சுருக்கமா:

வீட்டில் ஊசி, மாத்திரை எடுக்கிற பெரியவங்களோ சின்னக் குழந்தையோ இருந்தா ஆறு மணி போடுங்க. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி கிளினிக்கில் மருந்து நேரத்தைப் பத்திக் கேட்டுக்குங்க. கைப்பையில் இனிப்பு, பிஸ்கட் எப்பவும் இருக்கட்டும்.

எல்லாரும் திடகாத்திரமான ஆளுங்க, கரையில் இறங்கி நல்லா சுத்தணும்னா எட்டு மணி ரொம்ப நல்லது. அவசரம் இல்லை, நிதானமா சாப்பிடலாம். அதில் தப்பே இல்லை.

சைவம்னா பதிவு பண்ணும்போதே சொல்லிடுங்க, ஏறின முதல் ராத்திரி பரிமாறுகிறவரிடமும் ஒரு தடவை சொல்லுங்க. பெரிய குடும்பம்னா பக்கத்துப் பக்கத்து மேசை கேளுங்க. தாய்லாந்து கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால், அதனால் கப்பலில் எந்த நேரம் ஓடுதுன்னு தினமும் பார்த்துக்குங்க. மருந்து எடுக்கிறவங்களுக்கு இது முக்கியம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், "எதுவா இருந்தாலும் சரி"ன்னு சொல்ற ஆளை மட்டும் கவனிங்க. பெரும்பாலும் அவங்களுக்குத்தான் நேரம் முக்கியமா இருக்கும்.

கடைசியா கோயில் விஷயம். முதல் பந்தியைச் சரி பண்ணிட்டோம். ஆனா அடுப்படியில் நிக்கிற அக்காமார், அம்மாமார் இன்னும் கடைசியில்தான் சாப்பிடுறாங்க, மூணு மணிக்கு, சில நேரம் நாலு மணிக்கு. அவங்களில் எத்தனை பேர் காலையில் மருந்து போட்டுட்டு வர்றாங்கன்னு நாம கேட்டதில்லை. வர்ற திருவிழாவில் அடுப்படியை ரெண்டு ஷிஃப்டாப் பிரிக்கலாம்னு செயற்குழுவில் பேசி ஒத்துக்கிட்டாங்க. காலையில் சமைக்கிறவங்க முதல் பந்தியிலேயே இலையில் உட்கார்ந்துடணும். அதுக்குப் பிறகு கழுவுறது, பரிமாறுறது, பெருக்குறது எல்லாம் ரெண்டாவது ஷிஃப்ட் ஆளுங்க. ஆம்பிளைப் பிள்ளைங்கதான் அதிகமா வேணும்.

பதினஞ்சு பேர் தேவை. மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்தா போதும். பேர் கொடுக்கிறவங்க கீழே எழுதுங்க. வரும்போது வீட்டிலேயே பசியாறிட்டு வாங்க, ஏன்னா அன்னைக்குக் கடைசிப் பந்தி நம்மளது.

அம்பாள் துணை.